நூலகப் பட்டியலை இணையத்தில் தேட வைக்க எந்த மென்பொருள்?

8,000 நூல்கள் கொண்ட ஒரு சிறிய நூலகம். முக்கால்வாசி தமிழ், மீதி ஆங்கிலம். அக்சஷன் ரெஜிஸ்டரில் (வந்த நூல்களை வரிசையாகப் பதியும் பேரேட்டில்) கையால் எழுதியிருந்ததை யாரோ பொறுமையாக எக்செலில் அடித்து வைத்திருக்கிறார்கள். "இதைக் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் கொடுத்துவிட்டால் என்ன?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தது.

வாசகர் தன் போனில் 'நாட்டுப்புற பாடல்கள்' என்று அடிக்கிறார். எக்செல் தாளில் ஒரு நூல் 'நாட்டுப்புறப் பாடல்கள்' என்று இருக்கிறது. இன்னொன்று 'நாட்டுப்புறப்பாடல்கள்' என்று சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. எக்செல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். வாசகர் ஒற்றைப் போடவில்லை, ஆகவே இரண்டுமே அகப்படாது. நூல் அலமாரியில் இருக்க, 'இல்லை' என்று பதில் போகிறது. கிடைத்திருந்தாலும், அது இப்போது அலமாரியில் இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று அந்தத் தாள் சொல்லாது.

இணையத்தில் தேடக்கூடிய பட்டியலை நூலகர்கள் ஓபேக் என்பார்கள். அதில் மூன்று அடுக்குகள் உண்டு. கீழே பதிவுகள்: நூலுக்கு நூல் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பகுப்பெண். மேலே வாசகர் பார்க்கும் பக்கம். இரண்டுக்கும் நடுவே சுட்டி. தடித்த ஆய்வு நூல்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு சொல்லடைவு இருக்குமே, அதேதான் இது. மென்பொருள் ஒவ்வொரு பதிவையும் சொற்களாக உடைத்து, எழுத்து வேறுபாடுகளைச் சமப்படுத்தி, எந்தச் சொல் எந்தப் பதிவில் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. வாசகர் தேடும்போது பார்ப்பது பதிவுகளை அல்ல, இந்தச் சுட்டியை. டெமோ காட்ட வருபவர்கள் அட்டைப்படம், வண்ணம், நட்சத்திரக் குறி என்று மேலடுக்கையே காட்டுவார்கள். நூல் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சுட்டியில் தீர்மானமாகிறது.

எது எதற்கு

மென்பொருள் தேடத் தொடங்கியதும் ஒரு டஜன் பெயர்கள் வந்து விழும். அவை எல்லாம் ஒரே வேலைக்கானவை அல்ல. இது தெரியாமல் தவறான வகையை நிறுவிவிட்டு ஆறு மாதம் போராடுவதுதான் அடிக்கடி நடப்பது.

முதல் வகை முழு நூலக நிர்வாக மென்பொருள்: பட்டியல், உறுப்பினர், புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது எல்லாம் ஒன்றாக. கோஹா, எவர்கிரீன், ஸ்லிம்ஸ், நியூஜென்லிப் ஆகியவை திறமூலம், அதாவது நிரலோடு இலவசமாகக் கிடைப்பவை. இந்தியாவில் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காகக் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் உருவாக்கிய சோல் இருக்கிறது. அரசு நூலகங்களுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் ஈ-கிரந்தாலயா. அரசு சார்ந்த நூலகம் என்றால் முதலில் அங்கே கேட்டுவிடுவது நல்லது. சர்வர் பற்றிய கவலை குறையலாம்.

இரண்டாவது வகை தேடல் பக்கம் மட்டும். அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவான வூஃபைண்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளாக்லைட் இப்படிப்பட்டவை. ஏற்கெனவே ஒரு நிர்வாக மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் போர்த்துவதற்கானவை. நான்கைந்து நூலகங்களின் பட்டியலை ஒரே இடத்தில் தேட வைக்க அருமையானவை. ஒற்றைச் சிறு நூலகத்துக்கு வீண் பாரம்.

மூன்றாவது மின்னூலகம்: டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன். ஸ்கேன் செய்த நூல்களையும் ஆய்வேடுகளையும் கோப்புகளாகவே சேமித்துத் திறந்து படிக்க வைப்பவை. பெயர்க்குழப்பம் இங்கேதான் அதிகம். 'டிஜிட்டல் லைப்ரரி' என்று கேட்டு டிஸ்பேஸை நிறுவிவிட்டு, புத்தகத்தைக் கடன் கொடுக்கும் திரை எங்கே என்று தேடுவார்கள். அதில் அது கிடையாது. பனைமரத்தில் தேங்காய் தேடின கதைதான்.

நான்காவது, பிறர் சர்வரில் ஓடும் சேவை. லைப்ரரிதிங் நடத்தும் டைனிகேட் 20,000 பிரதிகளுக்கு உட்பட்ட நூலகங்களுக்கானது. நிறுவ வேண்டிய வேலையே இல்லை. நூலுக்கு நூல் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்தால் நூல் விவரம் வந்து விழும். ஆனால் ஐஎஸ்பிஎன் உலகத் தரமானதே 1970-இல். அதற்கு முந்தைய தமிழ் நூல்களில் அந்த எண் இருக்காது, அதற்குப் பிந்தையவற்றிலும் பலவற்றில் இருக்காது. தமிழ் நூலகத்தில் பெரும்பகுதியைக் கையால்தான் அடிக்க வேண்டும் என்று தெரிந்து இறங்கலாம்.

8,000 நூல், புத்தகம் வெளியே போய் வரும் நூலகம் என்றால் முதல் வகையில் கோஹா அல்லது ஸ்லிம்ஸ் என்று தேர்வு சுருங்கிவிடும். அவற்றுக்கு நடுவே முடிவெடுக்கும் முன், தமிழ் எங்கெல்லாம் சிக்கிக்கொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சுட்டியில் தமிழ் படும் பாடு

ஒரே சொல் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கலாம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அதைக் 'க' கூட்டல் 'ொ' என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், 'க', 'ெ', 'ா' என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது. மென்பொருள் அந்த விதியைப் பின்பற்றிச் சமப்படுத்தினால் பிரச்சினை இல்லை, பின்பற்றாவிட்டால் ஒரு விசைப்பலகையில் அடித்த 'கொடி' இன்னொன்றில் அடித்த 'கொடி'யைக் கண்டுபிடிக்காது. 'கௌ' என்பதைக் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டு எழுதுவது வேறு கதை. அது எழுத்துப்பிழை. எந்த விதியும் காப்பாற்றாது, பதிவைத் திருத்தத்தான் வேண்டும்.

இன்னொரு பிரச்சினை வேறு மொழிக்கு நல்லது செய்யப்போய் வந்தது. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் உள்ள குறிகளை அகற்றிவிட்டால் தேடல் எளிதாகும் என்று சில மென்பொருள்கள் 'இடம் பிடிக்காத குறிகள்' எல்லாவற்றையும் சுட்டியிலிருந்து நீக்கிவிடுகின்றன. யூனிகோடு வகைப்பாட்டில் தமிழின் மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியான 'ீ'யும் அந்த வகையில் வருகின்றன. மற்ற உயிர்க்குறிகள் வருவதில்லை. விளைவு: 'பீடம்' என்பதும் 'படம்' என்பதும் சுட்டியில் ஒன்றாகிவிடும். 'வீடு' என்று தேடினால் 'வடு'வும் சேர்ந்து வரும். இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும், யாரும் செய்வதில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. உள்ளூர் நண்பர் ஒருவர் எழுதித் தரும் சிறு தேடல் நிரல்களில் இது சாதாரணம். சொல்லை உடைக்கும் விதி 'எழுத்து அல்லாத இடத்தில் வெட்டு' என்று இருக்கும். தமிழின் உயிர்க்குறிகள் 'எழுத்து' வகையில் வராததால் 'நூலகம்' என்பது 'ந', 'லகம' என்று துண்டாகிவிடும். முழுச் சொல்லைத் தேடினால் சில வேளை கிடைப்பதுபோலவே தோன்றும், கூடவே சம்பந்தமில்லாத நூறு நூல்களும் வரும்.

சொல்லின் நீளமும் கவனிக்க வேண்டியது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் உரைத்தேடலில் பழைய மைஐஸம் அட்டவணை வகை, இயல்பாக நான்கு குறியீட்டுக்குக் குறைந்த சொற்களைச் சுட்டியில் சேர்ப்பதே இல்லை. 'கலை' மூன்று குறியீடு: க, ல, ஐகாரக் குறி. 'இசை'யும் மூன்று. ஒரு நூலகத்தில் கலை, இசை என்று தேடினால் ஒன்றும் வராது என்றால் வாசகர் என்ன நினைப்பார்? இந்த அளவை மாற்றிவிட்டுச் சுட்டியை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைப்பெழுத்துக்கு வருவோம். 'மு.வரதராசன்' என்று இடைவெளி இல்லாமல் அடித்திருந்தால், யூனிகோடின் சொல்பிரிப்பு விதிப்படி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளி சொல்லை வெட்டாது. முழுதும் ஒரே சொல்லாகச் சுட்டியில் ஏறும். 'வரதராசன்' என்று தேடுபவருக்கு வெறுங்கை. புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது. நூலக மரபுப்படி 'வரதராசன், மு.' என்று திருப்பி எழுதினால் இன்னும் நல்லது, அகரவரிசையும் ஒழுங்காகும்.

அகரவரிசை என்றதும் இன்னொன்று. யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்து. குறியீட்டு வரிசையில் அடுக்கும் மென்பொருளில் 'அன்பு' முதலிலும் 'அப்பா' அதற்குப் பிறகும் வரும். நம் அகராதிகளில் தலைகீழ். தமிழ் வரிசை விதி உள்ள மென்பொருள் இதைச் சரியாகச் செய்யும். தேடிக் கண்டுபிடிக்கும் நூலகத்தில் இது சிறிய குறைதான். தலைப்புப் பட்டியலை அச்சிட்டு மேசையில் வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் பொருட்படுத்தலாம்.

ஒற்று மிகுவது, சேர்த்து எழுதுவது, வேற்றுமை உருபு ஆகியவற்றுக்கு முழுத் தீர்வு எந்த மென்பொருளிலும் கையோடு வருவதில்லை. நடைமுறையில் இரண்டு வழிகள். சொல்லின் முற்பகுதியை மட்டும் தேடும் வசதி: 'நாட்டுப்புற*' என்று அடித்தால் மூன்று வடிவங்களும் அகப்படும். கோஹாவில் இதைத் தானாகவே நடக்கும்படி அமைக்கலாம், வாசகர் நட்சத்திரக் குறி போட வேண்டியதில்லை. ஆனால் 'மரம்' என்று முழுதாக அடித்தவருக்கு 'மரத்தின்' அப்போதும் கிடைக்காது, 'ம்' போய் 'த்' வந்துவிட்டதே. இரண்டாவது வழி பொருள் தலைப்பு. நூலின் பெயர் எப்படி இருந்தாலும், பொருளுக்கான புலத்தில் (பதிவில் ஒரு விவரத்துக்கான கட்டத்தில்) 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே மாதிரி எழுதி வைப்பது. மென்பொருளை எவ்வளவு முடுக்கினாலும் இந்த இரண்டாவது வழியின் பலன் வராது.

பதிவுகளை முதலில் பாருங்கள்

நூலகப் பதிவுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொதுமொழி மார்க். 1960-களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் ஏவ்ரம் தலைமையில் உருவானது. இப்போது வழக்கில் உள்ளது மார்க்21. ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்று இலக்க எண்: ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பதிப்பக விவரத்துக்கு 260 அல்லது 264, ஐஎஸ்பிஎன்னுக்கு 020, நூலைப் பொருள்வாரியாகப் பகுக்கும் ட்யூவி எண்ணுக்கு 082, பொருளுக்கு 650. இந்த ஏழெட்டு எண்கள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

எக்செலிலிருந்து மார்க்குக்கு மாற்ற மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தாளின் எந்தப் பத்தி (செங்குத்து வரிசை) எந்த எண்ணுக்கு என்று காட்டிக்கொடுத்தால் மாற்றித் தரும். அதற்கு முன் எக்செல் தாளைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை. 13 இலக்க ஐஎஸ்பிஎன்களை எக்செல் அடுக்கு எண்ணாக (9.78E+12 போல) சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்ப வரவே வராது. பழைய 10 இலக்க எண்ணின் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். '3/12' என்ற தொகுதி எண் மார்ச் அல்லது டிசம்பர் தேதியாகிவிடும். ஆகவே மேற்கொண்டு எதையும் அடிக்கும் முன் எல்லாப் பத்திகளையும் 'உரை' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஏற்கெனவே மாறிப்போனவற்றை இது மீட்காது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) சிஎஸ்வி என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

அடுத்தது பழைய எழுத்துருக்கள். 2000-களில் அடித்த தாள் என்றால் பாமினி, டிஸ்கி, டேப் போன்ற ஏதோ ஒரு குறியாக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவது அடையாளம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஆனால் தாளை மொத்தமாக மாற்றாதீர்கள். ஆங்கிலத் தலைப்புகளும் ஐயோ என்று தமிழ்க் குப்பையாகிவிடும். மொழிப் பத்தி ஒன்று போட்டு, தமிழ் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றிவிட்டு மறுபடி சேருங்கள்.

மார்க் கோப்பின் உள்ளே ஒவ்வொரு புலத்தின் நீளமும் எழுதப்பட்டிருக்கும். அந்த நீளம் எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். யாராவது சொந்தமாக எழுதிய மாற்றி நிரல் எழுத்துகளை எண்ணி நீளம் போட்டால் ஆங்கிலப் பதிவுகள் சரியாக ஏறும், தமிழ்ப் பதிவுகள் பாதியில் உடையும். அதேபோல் பதிவின் தலைப்பகுதியில் ஒன்பதாம் இடத்தில் 'ஏ' என்ற எழுத்து இருந்தால்தான் அது யூனிகோடு என்று பொருள். வெற்றிடமாக விட்டால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கம் என்று எடுத்துக்கொள்ளும், அதில் தமிழே கிடையாது. தமிழ் மட்டும் சிதைகிறது, ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

வின்ஐசிஸில் பதிவுகள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த அந்த மென்பொருளிலிருந்து ஐஎஸ்ஓ 2709 வடிவில் வெளியே எடுக்கலாம். வடிவம் அதுவானாலும் புல எண்கள் ஒவ்வொரு நூலகமும் தன் விருப்பத்துக்கு வைத்தவை. மார்க்21 எண்களோடு பொருத்தும் வேலை மிச்சம் இருக்கும்.

வெளிநாட்டு நூலகங்களிலிருந்து ஆயத்தப் பதிவை இறக்கும் வசதி கோஹாவில் உண்டு. இசட்39.50 என்பார்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் தமிழ் நூல்கள் ஏராளம். ஆனால் அங்கே தலைப்பு ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியும் போட்டு ஒலிபெயர்ப்பாக இருக்கும். தமிழ் எழுத்து இருந்தால் 880 என்ற இணைப்புலத்தில் இருக்கும். நம் வாசகர் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. இறக்கிய பிறகு 245-இல் தமிழை வைத்து, ஒலிபெயர்ப்பை 880-க்கோ மாற்றுத் தலைப்புக்கான 246-க்கோ தள்ளுங்கள்.

ஐந்து பிரதி இருந்தால் ஐந்து வரி என்று ரெஜிஸ்டர் பழக்கத்தில் அடித்திருப்பார்கள். ஓபேக்கில் ஒரு நூல், அதற்குக் கீழே ஐந்து பிரதி என்று வர வேண்டும். ஏற்றும் முன்பே தலைப்பு, ஆசிரியர், பதிப்பு மூன்றும் ஒத்த வரிகளை ஒன்றாக்கிவிடுங்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி ஒன்றுபோல் இருக்கும் பெயர்களைக் கூட்டிக் காட்டும். ஒரே ஆசிரியரின் பெயர் ஏழு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து அயர்ந்துபோக வேண்டாம், எல்லா நூலகத்திலும் அப்படித்தான்.

புனைபெயர்களுக்குத் தனி ஏற்பாடு. 'புதுமைப்பித்தன்' என்று ஒரு பெயர்ப்பதிவு வைத்து, அதற்குள் 400 புலத்தில் 'விருத்தாசலம், சொ.' என்று எழுதினால் இரண்டும் ஒருவரே என்று மென்பொருளுக்குத் தெரியும். கோஹாவில் இப்படி எழுதினால் மட்டும் போதாது. மாற்றுப்பெயர்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பை இயக்கிவிட்டுச் சுட்டியை மறுபடி கட்ட வேண்டும். இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

கோஹாவா, ஸ்லிம்ஸா

கோஹா நியூசிலாந்தில் பிறந்தது. ஹோரோவெனுவா நூலகத்தின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததால் 1999-இல் எழுதி, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கைம்மாறு கருதும் அன்பளிப்பு. நம் மொய் போல என்று சொல்லலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வரும்.

விண்டோஸில் ஓடாது. டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் வேண்டும். வலைத்தளம் வைத்திருக்கும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் நிறுவ முடியாது. சர்வரின் முழு உரிமையும் வேண்டும். 8,000 நூலுக்கு 2 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை சர்வர் தாராளம். சுட்டிக்கு ஜீப்ரா, இலாஸ்டிக்சர்ச் என்று இரண்டு இயந்திரங்கள். இந்த அளவுக்கு ஜீப்ராவே போதும், இலாஸ்டிக்சர்ச் ராமைத் தின்னும். ஜீப்ராவை நிறுவியதும் அது ஐரோப்பிய எழுத்துகளுக்கான பட்டியலை வைத்து இயங்கும். அதன் அமைப்புக் கோப்பில் ஐசியூ என்ற யூனிகோடு முறைக்கு மாற்றி, சுட்டியை முழுதாக மறுகட்டுமானம் செய்ய வேண்டும். 'கோஹாவில் தமிழ் தேடல் வேலை செய்யாது' என்று யாராவது சொன்னால், இந்தப் படி விட்டுப்போனதா என்று கேளுங்கள். மாற்றும்போதே, குறிகளை நீக்கும் வரி அந்த விதிகளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே சொன்ன 'பீடம்', 'படம்' குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

பதிவுகளை ஏற்றுவது இரண்டு கட்டம். முதலில் கோப்பை மேடையேற்றிப் பார்ப்பது, பிறகு உண்மையில் சேர்ப்பது. பிழை என்றால் அந்தத் தொகுப்பைத் திரும்பப் பெறலாம். பிரதி விவரங்கள் 952 என்ற புலத்தில்: நூலகக் குறியீடு, பார்கோடு, அழைப்பெண் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்), வகை. இதிலுள்ள நூலகக் குறியீடும் வகைக் குறியீடும் கோஹாவில் நீங்கள் உருவாக்கி வைத்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிசகினால் நூல் ஏறும், பிரதி ஒட்டாது, ஓபேக்கில் 'பிரதிகள் இல்லை' என்று நிற்கும். ஒரே பார்கோடு இரண்டு வரியில் இருந்தாலும் இரண்டாவது ஏறாது. 8,000-ஐயும் ஒரே மூச்சில் ஏற்றாமல் 50, பிறகு 500, பிறகு மீதி என்று போங்கள்.

ஸ்லிம்ஸ் இந்தோனேசியாவில் 2007-இல் வந்தது. பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். சிஎஸ்வி கோப்பை நேரடியாக ஏற்றலாம், மார்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் தெரிந்தவர் கையில் இல்லாத, ஒரே கட்டடத்தில் இயங்கும் நூலகத்துக்கு இது நியாயமான தேர்வு. குறை, பெயர்ப்பதிவு போன்ற நுணுக்கங்களில் கோஹா அளவு ஆழம் கிடையாது. இந்தியாவில் கோஹா தெரிந்த நூலகர்களும் நிறுவித் தருபவர்களும் எளிதில் கிடைப்பதுபோல் ஸ்லிம்ஸுக்குக் கிடைப்பதில்லை.

நமது கருத்து வெளிப்படையானது: இரவில் சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக இருந்தால் கோஹா. இல்லாவிட்டால் ஸ்லிம்ஸ், அல்லது கோஹாவையே வாடகைக்கு நடத்தித் தரும் நிறுவனம். வசதிப் பட்டியலை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் அட்டவணைகளால் பெரிய பயன் இல்லை.

200 நூல் சோதனை

முடிவெடுக்கும் முன் உங்கள் தாளிலிருந்தே 200 வரிகளை எடுங்கள். நல்லவையாகப் பொறுக்காதீர்கள். பழைய எழுத்துருவில் இருந்து மாற்றியவை 50, பல பிரதி உள்ளவை 20, பல தொகுதி உள்ளவை 10, ஆங்கிலம் 40, மீதி கைக்கு வந்தது. இரண்டு மென்பொருளிலும் ஏற்றுங்கள். பிறகு கணினியில் அல்ல, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் தேடுங்கள்: ஒற்றுடன் ஒரு தலைப்பு, ஒற்று இல்லாமல் அதே தலைப்பு, சேர்த்து எழுதி அதே தலைப்பு, 'கொ', 'கோ', 'கௌ' வரும் சொற்கள், 'பீடம்', பிறகு 'படம்', 'கலை', தலைப்பெழுத்து இல்லாமல் ஆசிரியர் பெயர், புனைபெயர், பிறகு இயற்பெயர், 'ஸ்ரீ' உள்ள ஒரு தலைப்பு. கடைசியாகச் சொன்னதிலும் பொறி உண்டு: அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

கிடைக்காதவற்றைக் குறித்துவைத்து, மென்பொருள் அமைப்பை மாற்றினால் தீருமா, பதிவைத் திருத்தினால் தீருமா என்று பிரியுங்கள். முதல் வகை அதிகமாக இருந்து யாராலும் மாற்ற முடியாவிட்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.

பிறகு முக்கியமான ஒன்று: ஏற்றிய 200-ஐயும் மார்க் அல்லது சிஎஸ்வியாக வெளியே எடுத்துப் பாருங்கள். பிரதி விவரத்தோடு, தமிழ் சிதையாமல் முழுதும் வருகிறதா? விற்பவர் 'அதற்கு எங்களிடம் கேட்டால் எடுத்துத் தருவோம்' என்றால் அது உங்கள் பட்டியல் அல்ல, அவருடையது.

செலவில் சர்வர் வாடகை சிறிய பங்கு. நூலைக் கையில் வைத்து ஒரு பதிவைச் சரிபார்க்க 6 நிமிடம் என்று வைத்தால் 8,000 நூலுக்கு 800 மணி நேரம். இரண்டு பேர் நாளுக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தால் ஏறத்தாழ 67 வேலை நாட்கள். திட்டத்தில் இந்த வரி இல்லையென்றால் அந்தப் பட்டியல் எக்செலில் இருந்த பிழைகளோடேயே இணையத்துக்குப் போகும்.

ஓடத் தொடங்கிய பின்

புதிதாகச் சேர்த்த நூல் ஓபேக்கில் வரவில்லை என்பதுதான் கோஹாவில் அதிகம் கேட்கும் புகார். பத்தில் எட்டு முறை சுட்டி கட்டும் பின்னணி நிரல் நின்றுபோயிருக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்த மறுநாள் இது நடக்கும். பதிவு அப்படியே பத்திரமாக இருக்கும், சுட்டிக்கு அது தெரியாது, அவ்வளவே. நிரலை மறுபடி கிளப்பிவிட்டால் வந்துவிடும்.

தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் அனுப்பும் தானியங்கி நிரல்கள் ஓபேக்கின் ஒவ்வொரு வடிகட்டி இணைப்பையும் சொடுக்கிச் சர்வரைத் திணறடிப்பது சமீப ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. தேடல் முடிவுப் பக்கங்களுக்குத் தடை போட்டு, நூல் பக்கங்களுக்கு மட்டும் தளவரைபடம் (பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுங்கள். கூகுளில் நூல் கிடைக்கும், சர்வரும் மூச்சுவிடும். ஊழியர் திரையை எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு இல்லாமல் வெளியே திறந்து வைக்காதீர்கள். அதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம்தான், காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யார் எந்த நூலை எடுத்தார் என்ற பழைய விவரத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். கோஹாவில் அதைத் தானாக அழிக்க அமைக்கலாம்.

கோஹாவின் டெபியன் தொகுப்பு இரவுதோறும் பேக்கப் எடுக்கும். எடுத்ததை அதே சர்வரில் வைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். வேறோர் இடத்துக்கு நகலெடுக்க ஒரு சிறு நிரல் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, 'நாட்டுப்புற*' என்று தேடிப் பாருங்கள். பட்டியல் வந்தால் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.